ஆட்டிசக் குழந்தைகளும் அறிவுத்திறன் குறைபாட்டுக் கணிப்பும்

ஆட்டிசக் குழந்தைகளில் அறிவுத்திறன் குறைபாட்டுக் கணிப்பு என்பது, ஆட்டிசம் (மதியிறுக்கம்) உடைய ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து உள்ளதா என்பதைத் தேர்வுகள் மூலம் தீர்மானிக்கும் செயற்பாடு ஆகும். இவ்விரண்டும் வெவ்வேறு நிலைகள். ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம். பேசாத, கட்டளைக்கு உடன்படாத குழந்தையிடம் எது உள்ளது, எது இல்லை என்று பிரித்தறிவது கடினம். இதனால் தம் குழந்தைக்கு வழங்கப்பட்ட கணிப்பு சரிதானா என்று பெற்றோர் கேள்வி எழுப்புவது உலகின் பல நாடுகளில் தொடர்ந்து நிகழ்ந்து வந்துள்ளது. இந்தியாவில் 2016 வரை ஆட்டிசம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தனி வகையாக இடம்பெறாததால், இக்கேள்வி மருத்துவக் கேள்வியாக மட்டுமன்றிச் சான்றிதழ், பள்ளி, உதவித்தொகை ஆகியவற்றோடு தொடர்புடைய கேள்வியாகவும் இருந்து வருகிறது.

சொற்கள்

அறிவுத்திறன் குறைபாடு முன்னர் "மனவளர்ச்சிக் குறைவு", "மூளை வளர்ச்சிக் குறைவு" என்னும் பெயர்களால் குறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் "மனவளர்ச்சி குன்றியோர்" என்ற தொடர் நெடுங்காலம் வழங்கியது. தற்போது "அறிவுசார் குறைபாடு" என்னும் சொல் பயன்படுகிறது. ஆட்டிசம் தமிழில் மதியிறுக்கம், தன்முனைப்புக் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை எனப் பலவாறு பெயர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் பெற்றோரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஆட்டிசம் என்ற சொல்லையே வழங்குகின்றனர்.

இன்றைய மருத்துவ வரையறையின்படி அறிவுத்திறன் குறைபாடு எனக் கணிக்க மூன்று கூறுகள் தேவை:

- சிந்தித்தல், கற்றல், சிக்கல் தீர்த்தல் போன்ற அறிவுச் செயற்பாடுகளில் குறிப்பிடத்தக்க குறைவு. பொதுவாக நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70 அல்லது அதற்குக் கீழ்.
- உண்ணுதல், உடுத்தல், பணம் கையாளுதல், பிறருடன் பழகுதல் முதலிய அன்றாட வாழ்வுத் திறன்களில் குறைவு.
- இவை வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியிருத்தல்.

2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்னும் அமெரிக்க உளமருத்துவக் கையேடு, குறைபாட்டின் கடுமையை நுண்ணறிவு ஈவைக் கொண்டு அல்லாமல் வாழ்வுத் திறன்களைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும் என்று மாற்றியமைத்தது. ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது என்பதே இதன் சாரம்.

வரலாறு

கானரும் முதல் குழந்தையும்

ஆட்டிசம் தனி நிலையாக விவரிக்கப்பட்ட வரலாறே ஒரு பெற்றோரின் ஐயத்தில் தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட் 1933-இல் பிறந்தவர். 1937-இல் மருத்துவ ஆலோசனைப்படி ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெற்றோர் அவரை வீட்டிற்கு அழைத்து வந்தனர். அவருடைய தந்தை, மகனின் நடத்தைகளை 33 பக்கங்களில் எழுதி லியோ கானர் என்னும் குழந்தை உளமருத்துவருக்கு அனுப்பினார். 1943-இல் கானர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இடம்பெற்ற 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்டு ஆவார். பின்னாளில் அவர் கல்லூரிப் பட்டம் பெற்று, ஒரு வங்கியில் பணியாற்றி, 2023-இல் காலமானார்.

அக்கட்டுரையில் கானர், இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு காலத்தில் அறிவுக் குறைவு உடையவர்களாகக் கருதப்பட்டவர்கள் என்றும், ஆனால் அவர்களிடம் நல்ல அறிவாற்றல் உள்ளது என்றும் குறிப்பிட்டார். எனினும் அடுத்த சில பத்தாண்டுகளில் கருத்து எதிர்த்திசையில் சென்றது. ஆட்டிசம் உடையவர்களில் முக்கால் பங்கினருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு என்ற கூற்றுப் பாடநூல்களில் நிலைபெற்றது.

பெற்றோர் இயக்கங்கள்

1950-களிலும் 1960-களிலும் தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்ற கொள்கை மேலோங்கியிருந்தது. இதை மறுத்து 1964-இல் நூல் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டு, உளவியலாளரும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் ஆவார். அவரும் பிற பெற்றோரும் 1965-இல் அமெரிக்காவில் ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1962-இலேயே பெற்றோர் அமைப்பு தோன்றியிருந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான லோர்னா விங், உளமருத்துவரும் ஆட்டிசம் உடைய மகளின் தாயும் ஆவார். விங்கும் ஜூடித் கூல்டும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, இலண்டனின் ஒரு பகுதியில் சமூகத் தொடர்புக் குறைபாடு உடைய குழந்தைகளுள் பலருக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருந்ததைக் காட்டியது. பெற்றோரே செய்த ஆய்வு ஆயினும் பெற்றோர் விரும்பும் விடையை மட்டும் அது தரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில்

இந்தியாவில் ஆட்டிசம் உடைய மகனின் தாயான மெர்ரி பரூவா, 1991-இல் தில்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன், இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தின் சென்னைப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் வித்யாசாகர் என்று பெயர் பெற்றது. இவரும் சிறப்புத் தேவையுடைய குழந்தையின் தாயே ஆவார். பின்னாளில் மைய அரசின் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். இந்தியாவில் இத்துறை பெருமளவு பெற்றோரால் கட்டப்பட்டது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

தேர்வுகள்

இந்தியாவில் குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கக் கீழ்க்கண்டவை பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளன:

- பினே-காமத் தேர்வு: பிரெஞ்சு உளவியலாளர் ஆல்பிரெட் பினேயின் தேர்வை வி. வி. காமத் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்பத் தழுவி அமைத்தது. முதலில் மராத்தியிலும் கன்னடத்திலும் உருவாக்கப்பட்டது. சொற்களைச் சார்ந்த வினாக்கள் மிகுதி.
- மாலின் அளவுகோல்: வெக்ஸ்லர் தேர்வின் இந்தியத் தழுவல். சொல் சார்ந்த பகுதி, செயல் சார்ந்த பகுதி என இரண்டு உண்டு.
- செகுவின் வடிவப் பலகை: மரக்கட்டைகளை அவற்றின் வடிவத்திற்குரிய குழிகளில் பொருத்த எடுக்கும் நேரத்தை அளப்பது.
- ரேவன் வண்ணப் படத் தேர்வு: விடுபட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பேச்சு ஏறத்தாழத் தேவையில்லை.
- வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல்: குழந்தையைச் சோதிக்காமல் பெற்றோரிடம் கேட்டு நிரப்பப்படுவது. 89 வினாக்கள் கொண்டது. கிடைக்கும் சமூக வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சமூக ஈவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 8 வயதுக் குழந்தையின் சமூக வயது 4 எனில் சமூக ஈவு 50.

ஆட்டிசத்தை அளக்க, செகந்தராபாத்தில் உள்ள தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனம் (இன்றைய அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம்) உருவாக்கிய ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கான இந்திய அளவுகோல் பயன்படுகிறது. இதில் 40 கூறுகள் உள்ளன. மதிப்பெண் 70-க்குக் கீழ் எனில் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. அதற்கு மேல் கடுமையானது. இது ஆட்டிசத்தை மட்டுமே அளக்கும், அறிவுத்திறனை அளக்காது.

பெற்றோர் எழுப்பும் கேள்விகள்

கணிப்பை ஏற்க மறுக்கும் பெற்றோர் பொதுவாகக் கீழ்க்கண்ட காரணங்களை முன்வைக்கின்றனர். இவற்றுள் பல ஆய்வாளர்களாலும் ஏற்கப்பட்டவையே.

மொழி: "இதைக் காட்டு", "அது என்ன?" என்று கேட்கப்படும்போது, விடை தெரியாமையும் வினா புரியாமையும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் குழந்தையைத் தமிழில் மட்டும் சோதித்தால் இக்குழப்பம் மேலும் கூடும்.

சூழல்: புதிய அறை, புதிய மனிதர், மின்விசிறியின் ஒலி, நெடுநேரக் காத்திருப்பு ஆகியவை புலனுணர்வு மிகைப்பட்ட குழந்தையை நிலைகுலையச் செய்யும். அன்று பெற்ற மதிப்பெண் அக்குழந்தையின் அன்றைய நிலையையே காட்டும்.

செயல் இயக்கம்: சுட்டிக் காட்டுதல், போலச் செய்தல், விரல்களால் எடுத்து வைத்தல் ஆகியவை பல ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கடினமானவை. விடை தெரிந்தும் கை ஒத்துழைக்காத நிலை உண்டு.

ஏற்றத்தாழ்வு: வடிவங்களைப் பொருத்துவதில் வயதுக்கு மேற்பட்ட திறனும், சமூகச் சூழலைப் புரிந்துகொள்வதில் மிகக் குறைந்த திறனும் ஒரே குழந்தையிடம் காணப்படலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண், அக்குழந்தையின் எந்தத் திறனையும் சரியாகக் காட்டாது.

வாழ்வுத் திறன்: தலையில் நீர் படுவதைத் தாங்க இயலாததால் தானே குளிக்காத குழந்தையும், குளிக்கும் முறை விளங்காததால் குளிக்காத குழந்தையும் சமூக முதிர்ச்சி அளவுகோலில் ஒரே மதிப்பெண் பெறுவர்.

வயது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு நிலையானது அன்று. அதனாலேயே இவ்வயதில் "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்" என்ற கணிப்பே வழங்கப்படுகிறது.

ஆய்வுகள்

2006-இல் மெரிடித் எடல்சன் என்னும் உளவியலாளர், ஆட்டிசம் உடையவர்களில் பெரும்பாலோருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு என்ற கூற்றின் மூலத்தைத் தேடினார். 1937 முதல் 2003 வரை வெளியான 215 கட்டுரைகளை ஆராய்ந்ததில், அக்கூற்றுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நேரடி ஆய்வுத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டவை அல்ல எனக் கண்டார்.

2007-இல் கனடாவின் மிசெல் டாசன், லோரான் மொத்ரோன் முதலியோர், ஆட்டிசம் உடைய 38 குழந்தைகளுக்கு வெக்ஸ்லர் தேர்வையும் ரேவன் தேர்வையும் நடத்தினர். டாசன் தாமே ஆட்டிசம் உடையவர். அக்குழந்தைகளின் சதமான நிலை, வெக்ஸ்லர் தேர்வைவிட ரேவன் தேர்வில் சராசரியாக 30 புள்ளிகள் உயர்ந்திருந்தது. வெக்ஸ்லர் தேர்வின்படி மூன்றில் ஒரு பங்கினர் குறைபாடு உடையோராகத் தோன்ற, ரேவன் தேர்வின்படி 20-இல் ஒருவரே அவ்வாறு தோன்றினார். ஆயினும் இந்த இடைவெளி எல்லா ஆட்டிசக் குழந்தைகளிடமும் இதே அளவில் இல்லை என்பதை 2009-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. வெக்ஸ்லர் மதிப்பெண் குறைவாக உள்ளோரிடமே அது பெரிதும் காணப்பட்டது.

2015-இல் வலேரி கூர்ஷேனும் பிறரும், மிகக் குறைவாகப் பேசும் 30 குழந்தைகளைச் சோதித்தனர். ஒருவராலும் வெக்ஸ்லர் தேர்வை முழுமையாகச் செய்ய இயலவில்லை. ஆனால் அவர்களுள் 26 பேர், ஆட்டிசத்தின் வலிமைகளுக்கு ஏற்ப அமைந்த தேர்வுகளில் ஒன்றையேனும் செய்து முடித்தனர். தேர்வைச் செய்ய இயலாமை வேறு, அறிவின்மை வேறு என்பதை இது உணர்த்தியது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நுண்ணறிவு விவரம் கிடைத்த எட்டு வயது ஆட்டிசக் குழந்தைகளுள் 37.9 விழுக்காட்டினர் அறிவுத்திறன் குறைபாடும் உடையவர்கள். பழைய பாடநூல்கள் கூறிய முக்கால் பங்கு இல்லை எனினும், இது புறக்கணிக்கத்தக்க அளவும் அன்று.

சட்டமும் சான்றிதழும்

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. மனவளர்ச்சிக் குறைவு அவற்றுள் ஒன்று, ஆட்டிசம் இடம்பெறவில்லை. எனவே ஆட்டிசக் குழந்தைக்குச் சலுகை வேண்டுமெனில் மனவளர்ச்சிக் குறைவுச் சான்றிதழ் பெறுவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. பல பெற்றோர் தாம் நம்பாத கணிப்பை உதவிக்காக ஏற்க வேண்டியவர்களாயினர். பின்னர் பொதுப்பள்ளியில் சேர்க்கும்போது அதே சான்றிதழ் தடையாக நின்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி பேர். அவர்களுள் மனவளர்ச்சிக் குறைவு உடையோராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். ஆட்டிசத்திற்குத் தனி இடம் அப்படிவத்தில் இல்லை. எனவே இந்த 15 லட்சத்தில் ஆட்டிசம் உடையோர் எத்தனை பேர் என்பதை அக்கணக்கிலிருந்து பிரித்தறிய இயலாது.

பின்வந்த மாற்றங்கள்:

- 1999: தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தை மனவளர்ச்சிக் குறைவிலிருந்து பிரித்துத் தனியாகப் பெயரிட்டது.
- 2016 ஏப்ரல்: ஆட்டிசத்திற்குச் சான்றிதழ் வழங்கும் நெறிமுறையை மைய அரசு அறிவித்தது.
- 2016 டிசம்பர்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் தனித்தனியே இடம்பெற்றன.
- 2018 ஜனவரி: அனைத்து வகைகளுக்கும் மதிப்பீட்டு நெறிமுறைகள் வெளியாயின. சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை பெற்றால் 50 விழுக்காடு, 36 முதல் 54 வரை 75 விழுக்காடு, 21 முதல் 35 வரை 90 விழுக்காடு, 20 வரை 100 விழுக்காடு என அறிவுசார் குறைபாட்டின் அளவு கணக்கிடப்பட்டது.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை ஏற்காதவர் மேல்முறையீடு செய்ய வழி செய்கிறது. கணிப்பைக் கேள்வி கேட்பது பெற்றோரின் பிடிவாதம் அன்று, சட்டம் அளித்த உரிமை என்பதை இப்பிரிவு உறுதி செய்கிறது. 31-ஆம் பிரிவின்படி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை, அருகிலுள்ள பொதுப்பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசக் கல்வி பெறலாம்.

வட சென்னை

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் துறைமுகம், மீன்பிடித் தொழில், தொழிற்சாலைகள் ஆகியவற்றை நம்பி வாழ்வோர் மிகுந்தவை. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. தமிழோடு தெலுங்கும் உருதும் வீட்டு மொழிகளாக வழங்கும் பகுதி இது. பிற மாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் உள்ளன. எந்த மொழியில் குழந்தையைச் சோதிப்பது என்ற கேள்வி இங்கு இயல்பாகவே எழுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை இப்பகுதியின் பெரிய அரசு மருத்துவமனை ஆகும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை நகரின் நடுப்பகுதியில் உள்ளன. சிறப்பு நிறுவனங்கள் பல தென் சென்னையில் அமைந்துள்ளன. வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் உள்ளது. 2005-இல் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது. எண்ணூர் மாநகரின் வட முனை. முட்டுக்காடோ நகரின் தெற்குப் புறநகர். 2021-இல் மெட்ரோ தொடர்வண்டி விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டமை பயணத்தை ஓரளவு எளிதாக்கியது. எனினும் நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு ஒவ்வொரு மதிப்பீடும் ஒரு நாள் வருமான இழப்பே. ஒரே அமர்வில் செய்த மதிப்பீட்டை ஐயுறும் பெற்றோர் பலருக்கு இரண்டாம் கருத்துப் பெறுவது எட்டாத ஒன்றாக இருப்பதற்கு இத்தொலைவும் செலவும் காரணமாகின்றன.

மறுபுறம், சான்றிதழின் பயனும் இத்தகைய குடும்பங்களுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது. அறிவுசார் குறைபாடு உடையோர் உள்ளிட்ட சில பிரிவினருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணிப்பு மாறினால் உதவி நிற்குமோ என்ற அச்சமும், கணிப்பு நிலைத்தால் பள்ளியில் எழுத்தே கற்பிக்கமாட்டார்களோ என்ற அச்சமும் ஒரே வீட்டில் நிலவக்கூடும்.

மாற்றுக் கருத்துகள்

பெற்றோரின் ஐயம் எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதற்கில்லை. குழந்தையோடு நாள் முழுதும் இருப்பவர்கள், மருத்துவர் காணாத திறன்களைக் காண்கின்றனர். அதேவேளை பழக்கத்தால் நிகழும் செயலைப் புரிதல் என்று எண்ணிவிடவும் கூடும். எடுத்துக்காட்டாக, "செருப்பை எடு" என்றவுடன் குழந்தை எடுப்பது சொல்லைக் கேட்டோ, தாய் கதவருகே செல்வதைக் கண்டோ என்பதைச் சோதித்தே அறிய முடியும்.

பெற்றோரின் நம்பிக்கையைச் சார்ந்து பரவிய சில முறைகள் கடும் விமர்சனத்திற்கு உள்ளாகியுள்ளன. துணைவர் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்விக்கும் முறை 1990-களில் பரவியது. கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில், எழுதப்பட்டவை குழந்தையுடையவை அல்ல, துணைவருடையவை எனத் தெரியவந்தது. 1994-இல் அமெரிக்க உளவியல் கழகம் அதனை அறிவியல் ஆதாரமற்றது என அறிவித்தது. பெங்களூரில் தம் மகன் டிட்டோவுக்குக் கற்பித்துப் புகழ்பெற்ற சோமா முகோபாத்யாய் உருவாக்கிய விரைவுத் தூண்டல் முறையையும் 2018-இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் கழகம் பரிந்துரைக்க மறுத்தது. 2000-இல் டிட்டோவின் முதல் நூல் இங்கிலாந்தில் வெளியானது. அவர் பிறர் தொடாமல் தாமே எழுதுபவர் என்பதால் அவரைப் பற்றிய மதிப்பீடு வேறு, அம்முறை எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுமா என்பது வேறு என்று பலர் கருதுகின்றனர்.

இவற்றிலிருந்து வேறுபட்டவை, குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் படப் பரிமாற்ற முறை, பேசும் கருவிகள் ஆகியவை. சென்னையில் அஜித் நாராயணன், வித்யாசாகருடன் இணைந்து உருவாக்கிய ஆவாஸ் இவ்வகைக் கருவிக்கு எடுத்துக்காட்டு.

மேலும், "என் குழந்தைக்கு ஆட்டிசம்தான், மனவளர்ச்சிக் குறைவு இல்லை" என்ற கூற்றில், அறிவுத்திறன் குறைபாடு இழிவானது என்ற எண்ணம் கலந்துவிடக் கூடாது என்று மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பினர் சுட்டிக்காட்டுகின்றனர். இரு குழந்தைகளுக்கும் கல்வியும் மதிப்பும் பெறும் உரிமை ஒன்றே.

மறுமதிப்பீடு

கணிப்பில் ஐயம் உள்ள பெற்றோர் பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

- முதலில் செவித்திறன், பார்வை, வலிப்பு ஆகியவை சோதிக்கப்பட்டனவா என அறிதல்.
- எந்தத் தேர்வு, எந்த மொழியில், எத்தனை அமர்வுகளில் நடத்தப்பட்டது என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல்.
- மொத்த எண்ணுடன் ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் கேட்டல்.
- பேச்சு தேவைப்படாத தேர்வு ஒன்றையும் நடத்தக் கோருதல்.
- வீட்டில் குழந்தை செய்பவற்றை நாள்குறிப்பாகவும் காணொளியாகவும் பதிவு செய்தல்.
- சான்றிதழில் குறிக்கப்பட்ட காலம் முடிந்ததும் மீண்டும் மதிப்பிடச் செய்தல்.
- மறுமதிப்பீடு வரை பயிற்சியையும் பள்ளியையும் நிறுத்தாதிருத்தல்.

மறுமதிப்பீட்டில் பழைய கணிப்பே உறுதியாகவும் கூடும். அப்போதும் குழந்தையின் வலிமைகளும் தேவைகளும் முன்னைவிடத் தெளிவாக வரையறுக்கப்படுமாதலால், கற்பிக்க வேண்டியதை அதற்கேற்பத் திட்டமிட இயலும்.

இவற்றையும் பார்க்க

- ஆட்டிசம்
- நுண்ணறிவு ஈவு
- லியோ கானர்
- மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016
- வட சென்னை